தோன்றா எழுவாய்

செப்டம்பர் 4

காலையில் மோட்டார் ஓடவில்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்றான் எலக்ட்ரீஷியன். எந்த நாளின் பத்து மணி என்று சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு அலுவலகம் போனேன்.

முதலாளி பூபதி எப்போதும் "வாங்க புலவரே" என்பார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த என்னை மூலிச்சோலை மூலிகைக் கம்பெனிக்கு அழைத்து வந்தவர் அவருடைய அப்பா. பதினான்கு வருடமாக லேபிள், விளம்பரம், வாழ்த்து, இரங்கல் எல்லாம் நான்தான். இன்றைக்கு மகன் "கதவைச் சாத்துங்க" என்றார்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளி இறந்துவிட்டார். நாச்சிமுத்து, அறுபத்தொன்று. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி போனவர். நம்முடைய மூட்டுவலிப் பொடியை வாங்கியிருக்கிறார். அது வெந்நீரில் கலந்து குளிக்கிற பொடி, ஊமத்தை இலை சேர்ந்தது. அவர் இரண்டு நாள் குடித்திருக்கிறார்.

பாக்கெட்டைப் பூபதி என் பக்கம் தள்ளினார். "இரண்டு கரண்டி பொடியை வெந்நீரில் கலந்து காலை மாலை இருவேளையும் குடிக்கவும்."

ஒரே ஓர் எழுத்து. ளி இருக்க வேண்டிய இடத்தில் டி. புது டிசைன் என்பதால் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரிக்கும் இடம் இல்லாமல் போயிருந்தது.

"டைப் அடிச்சது தாரணிதானுங்க?" என்று கேட்டார். ஆமாம், லேபிள் எல்லாம் அடிப்பது அவள்தானே என்றேன். அது உண்மைதான்.

செப்டம்பர் 5

வக்கீல் ஈரோட்டிலிருந்து வந்தார். 'மன்னிப்பு' என்ற சொல் வரக்கூடாது, வந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றார். 'தவறு செய்தோம்' கூடவே கூடாது. அப்புறம் கடிதத்தில் என்னதான் இருக்கலாம் என்று பூபதி கேட்டார். வருத்தம் இருக்கலாமாம்.

அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். "எமது தயாரிப்பொன்றின் லேபிளில் தவறு நேர்ந்துவிட்டது. அன்னாரின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்." வக்கீல் இரண்டு முறை படித்துவிட்டு, "அருமைங்க. யாரு பண்ணுனதுன்னே தெரியல" என்றார். தமிழில் அதற்கு வசதி உண்டு. பிள்ளைகளுக்குத் தோன்றா எழுவாய் நடத்தும்போது சொல்வேன்: செய்தவன் வாக்கியத்தில் இருப்பான், ஆனால் கண்ணில் பட மாட்டான். 'நேர்ந்துவிட்டது' அதைவிட ஒரு படி மேல். அதில் செய்தவனே கிடையாது. மழை மாதிரி தானாக வந்துவிடும்.

கடைகளிலிருந்து பாக்கெட்டுகளைத் திரும்ப எடுக்கிறார்கள். போலீஸ் வந்து தட்டச்சுப் பிழை என்று எழுதிக்கொண்டு போனது.

செப்டம்பர் 6

மோட்டார் சரியானது. கேஸ் சிலிண்டரும் வந்தது. தாரணி இன்று மூன்று முறை என் அறைப் பக்கம் வந்தாள். எனக்கு வேலை இருந்தது.

செப்டம்பர் 8

கடிதம் எடுபடவில்லை. ஃபேஸ்புக்கில் ஒருவன், "யாருப்பா அந்த நேர்ந்துவிட்டது? அவரைக் கைது பண்ணுங்க" என்று எழுதியிருக்கிறான். நாலாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். கோபியில் ஒரு கடைக்காரர் எங்கள் சீயக்காயைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். என் வாக்கியத்தைப் பார்த்து ஊர் சிரித்தது இதுதான் முதல் தடவை. கோபம் வந்தது. படித்தவன் ஒருத்தனாவது அதன் கட்டுமானத்தைப் பாராட்டியிருக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து நம்பிக்கை ஆலோசகர் ஒருத்தர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. உடைந்த நம்பிக்கையை ஒட்டவைப்பதுதான் தொழிலாம். ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு முகத்தைக் காட்ட வேண்டும், அந்த முகம் அழ வேண்டும் என்றார். பூபதி என்னைப் பார்த்தார்.

"ஒரு பேரு வேணுமுங்க புலவரே. அந்த லேபிளைத் திருத்துன புரூஃப் தாளை எடுத்துட்டு வாங்க, யாரு கையி பட்டிருக்குன்னு பாத்துரலாம்."

ஆவண அறைக்கு நானே போனேன். ஜூன் மாதக் கோப்பில் நாற்பது தாள் இருக்க வேண்டும், முப்பத்தொன்பதுதான் இருந்தது. அந்த ஒன்று மட்டும் இல்லை என்று வந்து சொன்னேன். "பூச்சி அரிச்சிருக்கும்" என்றார் பூபதி.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். இடுப்பில் மடித்துச் செருகியிருந்ததில் தாள் வேர்வையில் கொஞ்சம் நனைந்துவிட்டது. சிவப்பு மை கலையவில்லை. நல்ல பேனா.

செப்டம்பர் 9

தாரணியை நிறுத்திவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

"சார், நான் கேட்டனுங்களே. இது குளிக்கற பொடிங்களே சார், நீங்க டி போட்டிருக்கீங்களேன்னு கேட்டனுங்களே."

"என்னைக்கு கேட்ட?"

"ஜூன்லீங்க. 'எழுத்தே தெரியாத ஆளெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கறதா, திருத்துனதை அடிச்சுட்டு வா'ன்னு சொன்னீங்க. மல்லிகாக்காகூட இருந்தாங்க."

மல்லிகா ஆடியோடு வேலையை விட்டுக் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். அவள் மேசையில் இருந்த என் டம்ளருக்கு மூடி போட்டுவிட்டுப் போனாள். தினமும் செய்வது, கை பழகிவிட்டிருக்கிறது.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். ஒரே நாளில் நாற்பது லேபிள் வருகிறது. முப்பத்தொன்பது கஷாயப் பொடி, எல்லாவற்றிலும் 'குடிக்கவும்'. நாற்பதாவதில் 'குளிக்கவும்' என்று இருந்தால் எவன் கண்ணுக்கும் அது பிழையாகத்தான் தெரியும். அதிலும் ளகரமும் டகரமும் அடிக்கடி தடுமாறுகிற பெண் அடித்ததென்றால். தலைப்பைப் பார்க்க வேண்டும் என்பது சரி. மணி ஆறேகால், கடைசி பஸ் ஆறரைக்கு. இதெல்லாம் சும்மா ஒரு கணக்குக்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 14

பூபதியும் ஆலோசகரும் நானும் சென்னிமலை போனோம். ஆலோசகர் சொன்னபடி பழக்கூடை வேண்டாம், வெள்ளைச் சட்டை வேண்டாம், கார் தெருமுனையிலேயே நிற்கட்டும்.

இறந்தவரின் மனைவி பெயர் மாராத்தாள். தறிக்குழி பக்கத்தில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். தறியில் பாதி நெய்த போர்வை அப்படியே கிடந்தது. ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் வந்தது. பூபதி கடகடவென்று குடித்தார்.

"அவரு எழுத்துக் கூட்டித்தானுங்க படிப்பாரு" என்றார் அந்த அம்மாள். "மூணாப்புதான். எதையும் அவசரமாப் படிக்க மாட்டாரு. அந்தப் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாருங்க. கசக்குது, வேண்டாமுங்கன்னு நாந்தான் சொன்னேன். அச்சுல போட்டிருக்கறான், படிச்சவன் எழுதியிருப்பான், தப்பா இருக்குமான்னு கேட்டாரு."

பிறகு லேபிளை மனப்பாடமாக ஒப்பித்தார். இரண்டு கரண்டி பொடியை வெந்நீரில் கலந்து காலை மாலை இருவேளையும் குடிக்கவும். எழுத்துத் தெரியாத பெண், ஒரு சொல் பிசகவில்லை. என் வாக்கியத்தை இத்தனை சுத்தமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

இழப்பீட்டு விஷயத்தை வக்கீல் வந்து பேசுவார் என்றார் பூபதி. அந்த அம்மாள் கையை ஆட்டினார்.

"அதெல்லாம் எம் மகன்கிட்டப் பேசிக்கங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணுமுங்க. அந்த எழுத்தைப் போட்டவரு இங்க வந்து, இந்தத் தறிகிட்ட நின்னு, நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அவங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்."

காரில் ஏறியதும் ஆலோசகர், "இதைவிட நல்ல சீன் நமக்குக் கிடைக்காதுங்க" என்றார். என் சொம்புத் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 16

தாரணியை அலுவலகத்துக்கு வரவழைத்து, தறியருகே நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னோம். மாட்டேன் என்றாள். அவள் அப்பா எங்கள் குடோனில் வாட்ச்மேன், குடியிருப்பதும் குடோன் ஓரத்து அறையில்தான். பூபதி அவரைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் பேசவில்லை. "உங்கப்பா நல்லா இருக்காருங்களா? குடோனை மாத்தலாமான்னு ஒரு யோசனை" என்று மட்டும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு.

"நான் செய்யாததை எப்படிங்க சார் செஞ்சேன்னு சொல்லுவேன்?"

"செஞ்சேன்னு வராதும்மா. 'என் கையால் இப்படி நேர்ந்துவிட்டது'ன்னு போட்டிருக்கேன். அடிச்சது உன் கைதான? பொய் இல்லையே."

தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். "ரொம்ப நல்லா எழுதறீங்க சார்" என்றாள். குத்தலாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. குத்தல் என்றே வைத்துக்கொண்டேன், எனக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்.

செப்டம்பர் 17

மனைவி சரசுவுக்குப் பல்வலி. அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 21

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கேமரா இரண்டு. ஒன்றைத் தறிக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். தாரணிக்குப் பழைய சுடிதார், பொட்டு சின்னதாக. எல்லாம் ஆலோசகர் ஏற்பாடு.

அவள் தறியருகே நின்று ஒப்பித்தாள். "என் கையால் இப்படி நேர்ந்துவிட்டது. உங்கள் காலில் விழுகிறேன்." விழுந்தாள். மாராத்தாள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தார், ஆவி பறந்தது. அந்தப் பாக்கெட்டில் மிச்சமிருந்த பொடி என்று வாசனையிலேயே தெரிந்தது. அதைத் தாரணியின் முன்னால் வைத்தார்.

"ரெண்டு கரண்டி போட்டிருக்கேன் கண்ணு. அதுல இருந்த மாதிரியே."

ஆலோசகர் கேமராக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார், நிறுத்தாதே என்று. தாரணி என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அவள் டம்ளரை எடுத்தாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் உதட்டருகே கொண்டுபோய்விட்டாள். மாராத்தாள் சட்டென்று கையைப் பிடித்து டம்ளரைப் பிடுங்கித் தறிக்குழியில் கொட்டினார்.

"ஏங் கண்ணு அந்த எழுத்தைப் போட்ட?"

தாரணி விழித்தாள். அதற்கு நான் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. "தெரியலீங்கம்மா" என்றாள்.

"தறியில இழை அறுந்தா, எங்க அறுந்துச்சு, எதனால அறுந்துச்சுன்னு நெய்யறவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியல. நீ இல்ல அது. எந்திரி." அவள் தலையில் கை வைத்து எழுப்பி, முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "ஏமாத்தறதுக்குக்கூட இந்தப் புள்ளையத்தான் கூட்டிட்டு வரோணுமுங்களா?" என்றார்.

பூபதி குழைவாக ஏதோ சொன்னார். நான் தாரணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் டம்ளரைப் பிடித்த மாதிரியே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு காரில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

செப்டம்பர் 24

வீடியோ நாற்பது வினாடி. காலில் விழுகிறாள், தலையில் கை படுகிறது, முகத்தைத் துடைத்துவிடுகிறார். டம்ளர் இல்லை, கேள்வி இல்லை, குரல்களுக்குப் பதில் புல்லாங்குழல். கீழே என் வரி ஓடுகிறது: "மன்னிப்பு கேட்டோம். மன்னித்தார்." மாராத்தாளின் மகனிடம் வக்கீல் இழப்பீட்டுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டதால் மன்னிப்பு என்ற சொல்லை இனி தாராளமாகப் பயன்படுத்தலாமாம். 'மன்னித்தார்' என்பதில் யாரை என்று இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவுமில்லை.

ஊர் அழுகிறது. இப்படியும் ஒரு கம்பெனியா, பெரிய மனசு, இனிமேல் மூலிச்சோலைதான் என்று எழுதுகிறார்கள். ஃபேஸ்புக்கில் தாரணியைத் திட்டாத ஆளில்லை. கோபி கடைக்காரர் சீயக்காய் இரட்டிப்பாகக் கேட்டிருக்கிறார்.

செப்டம்பர் 29

எனக்குப் பொன்னாடை போட்டார்கள். நான் இனி மக்கள் தொடர்பு மேலாளராம். சரசு அதைத் தலையணை உறைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாள்.

அக்டோபர் 6

பஸ் ஸ்டாண்டில் தாரணியின் அப்பாவைப் பார்த்தேன். ஒளிய இடமில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று வணக்கம் வைத்தார்.

"புள்ள எங்க போய்க் கேட்டாலும், 'ஓ, குடிக்கவும் வந்துருச்சா'ன்னு சிரிக்கறாங்களாமுங்க. ஒரு டிடிபி கடையிலயும் சேத்துக்கல. நீங்க பெரியவங்க, வேலையை நல்லாப் பாத்ததா ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க சாமி."

அங்கேயே சுவரில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். "இவர் கடின உழைப்பாளி. நேர்ந்துவிட்ட ஒரு பிழை தவிர வேறு குறை இல்லை." பிழை என்று எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டுத்தான் தோன்றியது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், படிக்கத் தெரியாது.

அக்டோபர் 12

பூபதி கூப்பிட்டு போனை நீட்டினார். புரூஃப் தாளின் படம். 'குளிக்கவும்' மீது சிவப்பு வட்டம், ஓரத்தில் டி, கீழே என் சுருக்கொப்பம். திருத்திய தாள்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பார்த்து அடிப்பது தாரணியின் வழக்கம்.

"எப்ப வந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"போன மாசம் அஞ்சாந்தேதியே தாரணி அனுப்பிருச்சுங்க. நீங்க அந்த வருத்தக் கடிதாசி எழுதிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாமுன்னு விட்டுட்டேன்." சிரித்தார். "பயப்படாதீங்க புலவரே. டைப் அடிக்க ஊருக்கு நூறு பேரு கிடைப்பாங்க. உங்கள மாதிரி மன்னிப்பு எழுத ஆளு எங்க கிடைக்குது? அந்தத் தாளை நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க. போட்டோ எங்கிட்ட இருக்கட்டும்."

பிறகு வேலையைச் சொன்னார். புது முடித்தைலத்தால் சிலருக்குத் தலையில் கொப்புளம் வருகிறதாம். இன்னும் வெளியே தெரியவில்லை. மூன்று கடிதம் முன்கூட்டியே வேண்டும்: லேசான வருத்தம் ஒன்று, நடுத்தரம் ஒன்று, காலில் விழுகிற மாதிரி ஒன்று. தைலத்தை நிறுத்திவிடலாமே என்றேன். "கடிதாசி ரெடியா இருக்கறப்ப எதுக்குங்க நிறுத்தறது?" என்றார்.

அக்டோபர் 19

யாரிடமும் சொல்லாமல் சென்னிமலை பஸ் ஏறினேன். புரூஃப் தாள் பையில் இருந்தது. வழியெல்லாம் ஒரே சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். நான்தான். மூன்றெழுத்தும் ஒரு மெய்யும் என்று தவறாக எண்ணி, திருப்பி எண்ணினேன். இரண்டு நெடில், இரண்டு மெய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

மாராத்தாள் தனியாக இருந்தார். பாய் விரித்தார். தண்ணீர் கொண்டுவந்தார், சொம்பில் இல்லை, டம்ளரில். "குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார்.

கையில் வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன் என்னை அறியாமல் உள்ளே பார்த்துவிட்டேன். மோந்தும் பார்த்தேன். நிமிர்ந்தபோது அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுந் தண்ணிதானுங்க" என்றார். குரல் உயரவில்லை. "உங்க மொதலாளி பாக்காமக் குடிச்சாரு. அந்தப் புள்ள, விசமுன்னு தெரிஞ்சே பாக்காம எடுத்துச்சு. நீங்க அன்னிக்கும் குடிக்கல."

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, அந்தத் தவறு... என் பார்வையில்... நேர்ந்து..." என்றுதான் வந்தது. பதினான்கு வருடப் பழக்கம். நாக்குக்கு வேறு வழி தெரியவில்லை. தாளையாவது எடுத்துக் காட்டலாம் என்று பையைத் திறந்தேன்.

"வேண்டாமுங்க. உள்ள வைங்க." கையால் தடுத்தார். "அது எனக்கு அன்னிக்கு வேணுமாயிருந்துச்சு. இப்ப நீங்க சொன்னா எங்கிட்ட என்னத்தைக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் படத்துல நான் குடுத்துப்போட்டனாமே. ஊரே பாத்து அழுதுச்சாமே. இன்னொருக்கா குடுக்க எங்கிட்ட ஏதுங்க?"

எழுந்து தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். கணவர் பாதியில் விட்ட போர்வையை நெய்யத் தொடங்கினார். நான் போகலாம் என்று அர்த்தம். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடித்துவிட்டு வைத்தேன். வெறும் தண்ணீர்தான்.

அக்டோபர் 20

சரசு வேர்க்கடலைச் சட்னி அரைத்திருந்தாள். சாப்பிட முடியவில்லை.

அலுவலகத்தில் இரண்டு கடிதம் முடிந்தது. மூன்றாவதைத் தொடங்கும் முன் இந்த நோட்டில் ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வேறு யாரும் படிக்கப் போவதில்லை, வக்கீல் இல்லை, கேமரா இல்லை. சிவப்புப் பேனாவையே எடுத்தேன்.

ஜூன் மாதம் மூட்டுவலிப் பொடியின் புரூஃப் தாளில், அந்தப் பெண் கேட்டும் கேளாமல், ளி-யைச் சுழித்து டி என்று திருத்தியது

அதற்குமேல் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பூபதி கதவைத் தட்டி, காலில் விழுகிற கடிதம் தயாரா, தைலத்தில் ஒரு குழந்தைக்குக் கண் போய்விட்டதாம் என்றார். ஐந்து நிமிடத்தில் தருகிறேன் என்று சொல்லி, மேலே உள்ள வரியின் கடைசியை அடித்துவிட்டு 'திருத்தம் நேர்ந்துவிட்டது' என்று முடித்து வைத்தேன்.